நோர்வேயின் தண்ணீரும் யூட்லாண்டின் காற்றும்

டென்மார்க்கில் ஒரு வருடத்தில் செலவாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலையிலிருந்து வருகிறது என்று சொன்னால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தம்பி உடனே கேட்பான்: "காத்து நிண்டால் என்ன செய்வியள் அண்ணை?" நியாயமான கேள்வி. காற்று அளவுக்கு மிஞ்சி வீசினால் என்ன செய்வது என்பதும் அதே அளவுக்குக் கஷ்டமான கேள்வி. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான். கடலுக்கு அடியில் அயல்நாடுகளுக்குப் போகும் கேபிள்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. டென்மார்க்கின் தீபகற்பப் பகுதியான யூட்லாண்டின் மத்தியில் ஒரு சிறிய ஊரின் வெப்ப நிலையத்தில் வேலை செய்கிறேன். இந்த நாட்டில் ஊருக்கு ஒரு நிலையம் வெந்நீரைக் காய்ச்சி, நிலத்தடிக் குழாய்கள் வழியாக வீடுகளுக்கு அனுப்பும். எங்களிடம் மரச்சில்லு எரிக்கும் உலை இருக்கிறது, காஸ் இயந்திரம் இருக்கிறது, ஒரு எலக்ட்ரிக் பொயிலரும் பெரிய வெந்நீர்த் தாங்கியும் இருக்கின்றன. எதை எப்போது ஓட்டுவது என்பதைத் தீர்மானிப்பது மின்சார விலை. நாளைய விலை ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரு மணியளவில் வெளியாகும். அதைப் பார்த்துத்தான் தாங்கியை எப்போது நிரப்புவது என்று முடிவு செய்வோம். விலை பூச்சியத்துக்குக் கீழே போகும் இரவுகளும் உண்டு. அப்போது பொயிலரைப் போடாமல் விடுவது நட்டம்.

விலையோடு சேர்த்து நான் பார்க்கும் இன்னொன்று எனெர்கினெட் நிறுவனத்தின் வரைபடம். நாட்டின் பெரிய மின்கம்பிகளையும் கேபிள்களையும் நடத்துவது அந்த அரச நிறுவனம்தான். இந்தக் கணத்தில் எத்தனை மெகாவாட் எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தப் படத்தில் யாரும் பார்க்கலாம். நோர்வே, சுவீடன், ஜேர்மனி, நெதர்லாந்து, இங்கிலாந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்புக்குறி. பல வருடமாக அந்த அம்புக்குறிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. கேபிள் இருந்தால் மட்டும் போதாது. அதன் இரண்டு நுனியிலும் இருப்பவை ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும். வேறாக இருக்கும் அளவுக்குத்தான் அந்தக் கேபிளால் பிரயோசனம்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் ஸ்காகெராக். யூட்லாண்டுக்கும் தென் நோர்வேக்கும் இடையில் கிடக்கும் கடலின் பெயர் அது. நோர்வேயின் கிறிஸ்தியான்சாண்ட் நகரின் பக்கத்திலிருந்து, யூட்லாண்டில் வீபோர்க் நகருக்குக் கிட்டவுள்ள டியேல வரை, நான்கு இணைப்புகள் அந்தக் கடலைக் கடந்து வருகின்றன. முதல் இரண்டும் 1976, 1977இல் ஓடத் தொடங்கின, ஒவ்வொன்றும் 250 மெகாவாட். மூன்றாவது 1993இல், 440 மெகாவாட். நான்காவது 2014 கடைசியில், 700 மெகாவாட்.

அந்த முதல் வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1976இல் டென்மார்க்கில் சொல்லும்படியான காற்றாலையே கிடையாது. உல்ஃபோர்க் பக்கத்தில் துவிண்ட் பள்ளிக்கூடத்து ஆட்கள் தங்கள் கையாலேயே கட்டிய இரண்டு மெகாவாட் காற்றாலை சுழலத் தொடங்கியது 1978இல்தான். அப்படியென்றால் எதற்காகக் கேபிள் போட்டார்கள்? நிலக்கரிக்காகவும் எண்ணெய்க்காகவும். அனல் மின்நிலையத்தை இரவில் அணைத்து விடியப்புறம் மூட்டுவது செலவான வேலை. இரவில் தேவை குறைந்தாலும் அது எரிந்துகொண்டிருப்பதே நல்லது. அந்த இரவு மின்சாரத்தை நோர்வேக்காரர் மலிவாக வாங்கி, தங்கள் அணைத் தண்ணீரைச் சேமித்தார்கள். பகலில் அதே தண்ணீரைத் திறந்து டென்மார்க்குக்கு விற்றார்கள். மழை பொய்த்த வருடத்தில் டென்மார்க்கின் அனல் நிலையங்கள் நோர்வேக்குக் கைகொடுக்கும். கணக்கு இரு பக்கத்துக்கும் சரியாக வந்தது.

காற்றாலைகள் பிறகு வந்து அந்தத் தயாரான வழியைப் பிடித்துக்கொண்டன. டென்மார்க்கின் கதையைச் சொல்பவர்கள் காற்றாலைத் தொழிலைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அதில் எனக்கும் பெருமைதான். எங்கள் அபிராமி அம்மன் கோயில் இருக்கும் பிராண்டே ஊரில்தான் போனஸ் என்ற கொம்பனி 1980இல் காற்றாலை செய்யத் தொடங்கியது. 2004இல் அதை சீமென்ஸ் வாங்கியது. தேருக்குப் போகும் சனமும் பெரிய இறக்கைகளை ஏற்றிய லொறியும் ஒரே ஊருக்குத்தான் போகும். ஆனால் காற்றாலைக்கு முன்பே கேபிள் வந்துவிட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். காற்றாலையை முதலில் நட்டுவிட்டு, கேபிளைப் பிறகு யோசிக்கலாம் என்று இருந்திருந்தால் இந்த நாடு இத்தனை வேகமாக இந்த இடத்துக்கு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, காற்று மிஞ்சிய இரவில் உண்மையில் என்ன நடக்கிறது?

டென்மார்க்கின் உபரி மின்சாரத்தால் நோர்வேயில் தண்ணீரை மேலே பம்ப் பண்ணுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய அளவில் அதுவும் உண்டு, ஆனால் முக்கியமான வேலை அது இல்லை. நோர்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்களவு நீரிலிருந்து வருகிறது. மலைகளில் இருக்கும் நீர்த்தேக்கங்கள் எல்லாம் நிரம்பினால் அதில் ஏறக்குறைய 87 டெராவாட் மணி மின்சாரத்துக்கான தண்ணீர் இருக்கும். டென்மார்க் முழுவதும் ஒரு வருடத்தில் செலவழிப்பதைப் போல அது இரண்டு மடங்குக்கு மேல். புளோஷோ என்ற ஒரு தேக்கத்தில் மட்டும் 7.8 டெராவாட் மணி. எங்கள் பக்கமிருந்து மலிவான காற்று மின்சாரம் வரும்போது அங்கே மடையை மூடி, டர்பைன்களை அடக்கி, வந்த மின்சாரத்தைச் செலவழிக்கிறார்கள். ஓடியிருக்க வேண்டிய தண்ணீர் மலையிலேயே நிற்கிறது. நாளைக்கோ அடுத்த மாதமோ இங்கே காற்று ஓய்ந்ததும் அந்தத் தண்ணீரை ஓடவிட்டு மின்சாரத்தை இந்தப் பக்கம் அனுப்புகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரையும் ஏற்றாமல் இறக்காமல் நடக்கும் சேமிப்பு இது. இழப்பு என்று பார்த்தால் கேபிளிலும் இரண்டு நுனியில் மின்சாரத்தின் வகையை மாற்றும் நிலையங்களிலும் போகும் சில வீதம் மட்டும்தான். மின்சாரத்தைச் சேமிக்க இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. எங்கள் வெந்நீர்த் தாங்கியைக்கூட இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

இதற்கும் எல்லை உண்டு. நோர்வே தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துத்தான் எங்களிடமிருந்து வாங்க முடியும். பனி உருகும் காலத்தில் தேக்கங்கள் விளிம்பு வரை நிரம்பியிருந்தால், மடையை மூடினாலும் தண்ணீர் வழிந்துதான் போகும். அப்போது அங்கும் விலை விழும், இங்கும் விலை விழும். எங்கள் பொயிலர் அப்படியான நாட்களில் கைகொடுக்கும், ஆனால் வெயில் காலத்தில் வெந்நீர் யாருக்கு அவ்வளவு வேண்டும்?

2015 ஜூலை 9ஆம் திகதி மாலை டென்மார்க்கின் காற்றாலைகள் நாட்டின் தேவையில் 116 வீதத்தைக் கொடுத்தன. அடுத்த நாள் விடியற்காலை, எல்லோரும் தூங்கும் நேரத்தில், அது 140 வீதம் ஆனது. உபரியில் ஐந்தில் நான்கு பங்கு ஜேர்மனிக்கும் நோர்வேக்கும் சமமாகப் போனது, மீதி சுவீடனுக்கு. உலகமெல்லாம் செய்தியான இரவு அது. கேபிள்கள் இல்லாதிருந்தால் அந்தச் செய்தியே இருந்திருக்காது, காற்றாலைகளில் கணிசமானவற்றை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கக் கதை அதைவிட முக்கியமானது. வினாடிக்கு 25 மீற்றர் அளவுக்குக் காற்று போனால் காற்றாலை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். 2005 ஜனவரி 8ஆம் திகதி பெரும் புயல் வந்தபோது மேற்கு டென்மார்க்கில் அதுதான் நடந்தது. முழு வீச்சில் ஓடிய காற்றாலைகளில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. காற்று அதிகமாகி மின்சாரம் குறைந்த நாள் அது. காலையில் நோர்வேக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரம் திரும்பி, அங்கிருந்து இங்கே வந்தது. நீர் மின்நிலையத்தின் பெருமை அதுதான். நிமிடக் கணக்கில் எழும்பும். நிலக்கரி உலையால் அது முடியாது.

இப்போது ஜேர்மனியைப் பாருங்கள். நோர்வேயோடு இருக்கும் இணைப்பைவிட ஜேர்மனியோடு இருக்கும் தரைவழி இணைப்பு பெரியது, குறைந்தது 2,500 மெகாவாட். ஆனால் யூட்லாண்டில் காற்று வீசும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் வட ஜேர்மனியிலும் அதே காற்றுதான். எங்களிடம் மிஞ்சும்போது அவர்களிடமும் மிஞ்சும். போதாததற்கு, வடக்கில் பிறக்கும் காற்று மின்சாரத்தைத் தெற்கே பவேரியாவின் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோக ஜேர்மனிக்குள் கம்பிகள் போதவில்லை. அதனால் எல்லையில் இணைப்பு இருந்தும் பல வருடம் அதை முழுதாக ஓட விடவில்லை. 2018இல் ஐரோப்பிய ஆணையம் தலையிட்டு, குறைந்தது 1,300 மெகாவாட்டையாவது திறந்து வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதற்குப் பிறகும் ஜேர்மன் பக்கம் நெருக்கடி வந்தால் டென்மார்க் காற்றாலைகளைக் காசு கொடுத்து நிறுத்தச் சொல்வார்கள். அந்த நேரங்களில் எங்கள் பொயிலரும் காசு வாங்கிக்கொண்டு மின்சாரம் குடிக்கும். எங்கள் ஊருக்கு அது லாபம். ஆனாலும் ஓடக்கூடிய காற்றாலையை நிறுத்தி வைப்பதைப் பார்க்க மனம் ஒப்பாது.

உள்நாட்டுக் கம்பி போதாத இதே பாடு இங்கிலாந்துக்குப் போகும் வைக்கிங் லிங்க் கேபிளுக்கும் வந்தது. ரெவ்சிங் என்ற கிராமத்திலிருந்து லிங்கன்ஷயரில் பிக்கர் ஃபென் வரை 765 கிலோமீற்றர். 2023 டிசம்பர் 29இல் ஓடத் தொடங்கியபோது உலகத்திலேயே நீளமான தரை, கடல் இணைப்பு அதுதான். இதன் நன்மை வேறு வகை. இந்தப் பக்கத்து வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். இங்கிலாந்தின் மேல் வீசும் காற்று வட கடலைக் கடந்து எங்களிடம் வர மணிக்கணக்கில் ஆகும். அங்கே பின்னேரச் சமையல் நேரமும் எங்களுக்கு ஒரு மணி நேரம் பிந்தித்தான். இந்த வித்தியாசங்கள் போதும், கேபிள் தன் செலவை எடுத்துவிடும். ஆனால் 1,400 மெகாவாட்டுக்குக் கட்டிய கேபிளை ஆரம்பத்தில் 800க்கு மேல் ஓட்ட முடியவில்லை. காரணம் கடலில் இல்லை. யூட்லாண்டுக்குள் அந்த மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் 400 கிலோவோல்ட் லைன் மேற்குக் கரையோரமாக அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை. பெரிய கோபுரங்கள் தங்கள் வயலுக்குள் வேண்டாம் என்று சனம் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தது. கோபுரத்துக்குக் கீழே வாழப்போவது அவர்கள்தான், அவர்கள் பேசத்தான் வேண்டும்.

இந்தக் கடல் கேபிள்கள் எல்லாம் ஏன் டீசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், என்று என்னோடு வேலை செய்யும் பெடியன் ஒருவன் கேட்டான். இரண்டு காரணம். கடலடிக் கேபிளில் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், அனுப்பினால் கேபிளே மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கொள்ளளவியாக நடந்துகொள்ளும். ஒவ்வொரு அலைக்கும் அதை ஏற்றி இறக்குவதிலேயே மின்னோட்டம் செலவாகி, நூறு கிலோமீற்றர் தாண்டுவதற்குள் பிரயோசனமாக அனுப்ப இடம் மிஞ்சாது. மற்றக் காரணம் எனக்கு இன்னும் பிடித்தமானது. யூட்லாண்டின் மின்சாரம் போர்த்துக்கல் வரைக்கும் ஒரே துடிப்பில் ஓடுகிறது. கொப்பன்ஹேகனின் மின்சாரம் சுவீடன், நோர்வே, பின்லாந்தோடு வேறொரு துடிப்பில். இரண்டும் 50 ஹேர்ட்ஸ்தான், ஆனால் இரண்டு கோயிலில் ஒரே வேகத்தில் தவில் அடிப்பது போல, வேகம் ஒன்று, அடி விழும் கணம் வேறு. நேரடியாகக் கட்டினால் வெடிக்கும். டீசிக்குத் துடிப்பே இல்லாததால் இரண்டையும் சண்டையில்லாமல் சேர்த்து வைக்கும். ஒரே நாட்டின் இரண்டு பாதிகளான யூட்லாண்டையும் கொப்பன்ஹேகன் இருக்கும் தீவையும் சேர்க்கவே 2010 வரை காத்திருந்து, 600 மெகாவாட் டீசி கேபிள் போட்டார்கள். நோர்வேயோடு கை கோத்து முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் சொந்தத் தலைநகரோடு கை கோத்தது யூட்லாண்ட்.

ஸ்காகெராக்கின் முதல் மூன்று இணைப்புகளிலும் ஏசியையும் டீசியையும் ஒன்றிலிருந்து ஒன்றாக்கும் மாற்று நிலையங்கள் தைரிஸ்டர் என்ற பழைய மின்னணுச் சுவிட்ச் வகை. அவை வேலை செய்ய இரண்டு பக்கமும் பலமான ஏசி வலையமைப்பு உயிரோடு இருக்க வேண்டும். நான்காவது புதிய வகை, ட்ரான்சிஸ்டரில் ஓடுவது. ஒரு பக்கம் முழுதாக இருண்டு போனாலும் மறுபக்கத்து மின்சாரத்தைக் கொண்டு அதை எழுப்ப அதற்கு முடியும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனிக் கஷ்டமான பகுதி. மனைவியின் அக்கா கிறிஸ்தியான்சாண்டில் இருக்கிறா. இந்தக் கேபிள்களைப் பற்றி நான் புகழ்ந்து கதைக்கத் தொடங்கினால் அவ விடமாட்டா. "உங்கட காத்து நிண்டதுக்கு நாங்கள் ஏன் காசு கட்ட வேணும்?" என்று கேட்பா. 2024 டிசம்பர் 12ஆம் திகதி ஜேர்மனியிலும் வட கடலைச் சுற்றியும் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. பின்னேரம் ஐந்து, ஆறு மணிக்கு ஜேர்மனியில் மெகாவாட் மணி 900 யூரோவைத் தாண்டியது. கேபிள்கள் வழியாக அந்த விலை தென் நோர்வேக்குள்ளும் புகுந்தது. அங்கே ஒரு கிலோவாட் மணி வரியோடு 13 குரோனரை ஒட்டிப் போனது. அதே நேரம் நோர்வேயின் வடக்கில் மின்சாரம் மலிவாகக் கிடந்தது, ஏனென்றால் வடக்கையும் தெற்கையும் சேர்க்கும் கம்பிகள் மெலிந்தவை. தலைமுறை தலைமுறையாக மலிவான நீர் மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கி வந்தவர்களுக்கு இது எப்படி இருக்கும்? 2021இல் ஜேர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் தலா 1,400 மெகாவாட் புதிய கேபிள்கள் திறந்ததும், ரஷ்ய காஸ் நெருக்கடி வந்ததும், 2022இல் தெற்கில் மழை குறைந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அந்தக் கோபத்தின் மேல்தான் அங்கே ஆளும் தொழிற்கட்சி, 2025 தேர்தலுக்கு முன், ஆயுள் முடியப்போகும் ஸ்காகெராக் முதல் இரண்டு கேபிள்களையும் புதுப்பிக்க விரும்பவில்லை என்று சொன்னது.

அவவின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த முடிவு பிழை என்றே நினைக்கிறேன். 2002-03 குளிர்காலத்தில் நோர்வேயின் தேக்கங்கள் வற்றியபோது கேபிள் வழியாக வெளியிலிருந்து மின்சாரம் போனது. மழை பொய்க்கும் வருடம் இனியும் வரும். நீரை மட்டும் நம்பும் நாட்டுக்குக் கேபிள் ஒரு காப்புறுதி. ஆனால் காப்புறுதியின் பலனை விளங்கப்படுத்துவது கஷ்டம், பில்லின் தொகையை விளங்கப்படுத்துவது சுலபம். இரண்டு பக்க விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கேபிளின் வருமானமாக இரு நாட்டு மின்வலை நிறுவனங்களுக்கும் பாதிப் பாதியாகப் போகிறது. நோர்வே அரசு 2021 டிசம்பரிலிருந்து வீடுகளுக்கு விலை மானியம் கொடுத்தது, 2025 அக்டோபரிலிருந்து விரும்பியவர்களுக்குக் கிலோவாட் மணிக்கு வரிக்கு முன் 40 ஓர (0.40 குரோனர்) என்ற நிலையான விலையும் கொடுக்கிறது. இதெல்லாம் முதல் கேபிள் போட்ட நாளிலிருந்தே, உங்கள் மலைத் தண்ணீருக்கு வந்த பங்கு இது என்று கண்ணுக்குத் தெரியும்படி பில்லில் வந்திருக்க வேண்டும். தண்ணீர் வைத்திருப்பவரிடம் போய் இது ஐரோப்பாவுக்கு நல்லது என்று சொன்னால் போதாது.

இலங்கையைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. அதற்குக் காரணமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

2025 பெப்ரவரி 9. அன்று முற்பகல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் இலங்கை முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றிச் சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மின்சார சபை பின்னர் சொன்ன விளக்கம்தான் என்னை இருத்தியது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் என்பதால் கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் நிறைய. அதனால் ஓடிக்கொண்டிருந்த பெரிய சுழலும் இயந்திரங்கள் கொஞ்சம். சுழலும் எடை குறைந்த வலையமைப்பு ஒரு சிறிய அடியையும் தாங்காது. அதே ஞாயிறு பின்னேரம் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா மூன்றும் ஐரோப்பியக் கண்டத்தின் வலையமைப்போடு துடிப்பைச் சேர்த்துக்கொண்டன. முதல் நாள்தான் ரஷ்ய வலையமைப்பிலிருந்து கழன்று, ஒரு நாள் தனியாக நின்று பார்த்திருந்தார்கள். அந்தத் தனி நாளிலும் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் போகும் டீசி கேபிள்கள் பக்கத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றான எஸ்ட்லிங்க் 2, கிறிஸ்மஸ் நாளில் ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்து அறுந்து கிடந்தது. அப்படியும் சமாளித்தார்கள். ஒரே நாளில் ஒரு பக்கம் தனித்தீவு விழுந்தது, இன்னொரு பக்கம் மூன்று சிறிய நாடுகள் பெரிய கூட்டத்தோடு சேர்ந்தன. நான் அன்று இரண்டு செய்தியையும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை ஒவ்வொரு நாளும் பகல் மூன்று மணி வரைக்கும் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று அங்கே சனத்திடம் கேட்டார்கள். கடன் எடுத்துத் தகடு போட்டவர்களிடம், வெயில் எறிக்கும்போது அணைத்து வை என்று கேட்க வேண்டிய நிலை. வெளியே போக ஒரு வழியும் இல்லாத தீவுக்கு வேறு தெரிவு இருக்கவில்லை.

அதே ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் டீசி இணைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மதுரைப் பக்கமிருந்து மன்னார் வழியாக வரும் அந்தக் கம்பியைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகக் கதைத்துவிட்டார்கள். இந்த முறையாவது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் இது ஸ்காகெராக் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் டென்மார்க்கின் வெஸ்டாஸ் செய்தவை, 103.5 மெகாவாட். அவற்றைச் சுழற்றும் சோளகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்றுதான் வைகாசி முதல் புரட்டாதி வரை தமிழ்நாட்டின் 10,000 மெகாவாட்டுக்கு மேலான காற்றாலைகளையும் சுழற்றுகிறது. லக்சபானப் பக்கத்து நீர்த்தேக்கங்களை நிரப்பும் மழையும் அதே காற்றோடுதான் வரும். நான் மேலே ஜேர்மனியைப் பற்றிச் சொன்ன குறை இங்கேயும் இருக்கிறது. இரண்டு கரையும் ஒரே நேரத்தில் நிரம்பி, ஒரே நேரத்தில் வற்றும்.

அப்படியென்றாலும் இது பிரயோசனமானதுதான், வேறு காரணத்துக்காக. வித்தியாசம் பருவத்தில் இல்லை, பருமனில் இருக்கிறது. இலங்கையின் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டை அண்மித்தது. இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே 30இல் 250,000 மெகாவாட். தமிழ்நாட்டில் காற்று மிஞ்சும் நாளிலும் அந்தப் பெரிய வலையமைப்பின் எங்கோ ஒரு மூலையில் வெப்ப அலை இருக்கும், தேவை இருக்கும். ஞாயிறு மத்தியானம் இலங்கையில் மிஞ்சும் சில நூறு மெகாவாட் அங்கே தெரியாமலே கரைந்துவிடும். அனல் மின்நிலையம் ஒன்று திடீரென்று விழுந்தால் அங்கிருந்து கைகொடுக்க முடியும். மகாவலியின் விக்டோரியா, கொத்மலை அணைகளைக் கமத்துக்கான தண்ணீரோடு பொருத்தி இன்னும் நிதானமாக ஓட்டலாம்.

ஆபத்தும் அதே பருமனில்தான் இருக்கிறது. 3,000 மெகாவாட் வலையமைப்புக்குள் ஒரே கேபிளில் 500 மெகாவாட் வந்துகொண்டிருக்கும்போது ஒரு நங்கூரம் அதை இழுத்தால், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் ஒரு 300 மெகாவாட் இயந்திரம் விழுவதைவிடப் பெரிய அடி அது. பாக்கு நீரிணை ஆழமில்லாத, படகு நிறைந்த கடல். கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைக்கிறார்கள், ஒன்றாகப் போடுகிறார்களா இரண்டாகப் பிரித்துப் போடுகிறார்களா என்பதெல்லாம் சில்லறை விஷயங்கள் இல்லை.

அந்தத் திட்டத்தின் விவரங்கள் வெளிவரும்போது நான் முதலில் தேடப்போவது மாற்று நிலையம் எந்த வகை என்பதை. பழைய தைரிஸ்டர் வகையைப் போட்டால், 2025 பெப்ரவரி போன்ற ஒரு நாளில், மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், கேபிள் பக்கத்திலேயே சும்மா கிடக்கும். ஸ்காகெராக்கின் நான்காவது இணைப்பைப் போன்ற வகையைப் போட்டால் இருண்ட தீவை மதுரையிலிருந்து எழுப்பலாம். செலவில் வரும் வித்தியாசத்தைப் பார்த்து இதை விட்டுவிடக் கூடாது. அடுத்ததாக மன்னாரைப் பார்ப்பேன். காற்றாலையும் மன்னார்ச் சனத்தின் நிலத்தில், கம்பியும் அவர்களின் கடலில். கேபிளின் வருமானத்தில் மன்னார்த் தீவின் வீடுகளுக்கு என்ன பங்கு என்று உடன்படிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுவேன். கிறிஸ்தியான்சாண்டில் அதை எழுத நாற்பத்தைந்து வருடம் பிந்திவிட்டார்கள்.